பழைய போனுக்குப் புது ஆயுசு

பழைய போனை எந்த லயத்திலும் தூக்கி எறிவதில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால், அல்லது பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிக் கடிதமும் கிடக்கும் அதே பிஸ்கட் டின்னுக்குள் அதுவும் கிடக்கும். எடுத்து சார்ஜ் போட்டால் எரியும். திரையில் ஒரு கீறல் இருக்கலாம். ஆனாலும் பேச முடியும், படம் எடுக்க முடியும். வட்ஸ்அப் மட்டும் ஏறாது. பரீட்சைப் பெறுபேறு பார்க்கப் போனால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று நிற்கும். கடையில் கொடுத்தால், “இது பழசு தம்பி, புதுசு ஒண்ணு எடுத்துடுங்க” என்பார்கள்.

அந்தப் போன் பழுதாகவில்லை. அதற்குள் இருக்கும் மென்பொருளை அதைச் செய்த கம்பனி கைவிட்டுவிட்டது. இந்த வித்தியாசம் விளங்கினால் செய்ய வேண்டியது என்னவென்றும் விளங்கிவிடும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தோட்டங்களில் நடந்ததை நாம் மறக்கவில்லை. பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பையில். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டு மலைக்கும் தண்ணீர்த் தாங்கிப் பக்கமும் ஏறினார்கள். கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் டச் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். 2021 செப்டம்பரில் மத்திய வங்கி 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு 100 வீதக் காசு வைப்பைக் கட்டாயமாக்கியபோது போனும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. போன் விலையும் கூடவே ஏறியது.

அந்த நெருக்கடிக் காலத்தில் வாங்கிய போன்களும் இன்று ஒவ்வொன்றாக டின்னுக்குள் போகின்றன. இன்னொன்று வாங்குவதானால் கணக்கு இப்படி: 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 40,000 ரூபா போனுக்கு 30 பேர், அதாவது 30 நாள் வேலை, போட வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன 1,750 ரூபாவை வைத்துப் பார்த்தாலும் 23 பேர். சோறு, கடைக் கடன், பிள்ளைகளின் பஸ் காசு எதையும் கழிக்காத கணக்கு இது.

கம்பனி கைவிட்ட போனுக்கு வேறு ஆட்கள் மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதை ஏற்றுவதைக் ‘கஸ்டம் ரோம் போடுவது’ என்பார்கள். கடை வழக்கில் ‘சொஃப்ட்வெயார் அடிக்கிறது’. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடைக்காரர்கள் பெரும்பாலும் அடித்துக் கொடுப்பது கம்பனியின் பழைய மென்பொருளைத்தான். போன் மறுபடி ஓடும், ஆனால் அதே பழைய பதிப்பில் நிற்கும். புதிய பதிப்பை ஏற்ற நமக்கு வேண்டியது ஒரு லெப்டொப், ஒரு நல்ல வயர், பொறுமை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் ஒரு பிள்ளையால் இதைக் கட்டாயம் செய்ய முடியும். ஆனால் எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகே தொட வேண்டும்.

கைவிடப்படுவது எப்படி

அண்ட்ரொய்ட் கூகுள் வெளியிடும் திறந்த மென்பொருள். அதை எடுத்துத் தன் போனுக்கு ஏற்ப மாற்றுவது போன் கம்பனியின் வேலை. சிப் செய்த கம்பனியும் கூடவே ஒத்துழைக்க வேண்டும். மலிவான போன்களுக்கு இந்த வேலையை ஓரிரு வருடங்களுக்கு மேல் செய்வது கம்பனிகளுக்கு இலாபமில்லை. நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் அந்தப் போனில் திறந்தே கிடக்கும். 2015இல் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற ஓட்டை வெளிவந்தபோது, ஒரு எம்.எம்.எஸ். அனுப்பியே போனுக்குள் புகலாம் என்று உலகம் அறிந்தது. திருத்தம் வந்தது, ஆனால் பழைய போன்கள் பலவற்றுக்கு அது வரவேயில்லை.

இணையத்தளங்கள் திறக்காததற்கும் காரணம் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிறது. அதன் மூலச் சான்றிதழை அண்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய போன்கள் அறியா. அவற்றுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. வட்ஸ்அப் 2023 அக்டோபரில் அண்ட்ரொய்ட் 5.0க்குக் கீழுள்ள போன்களைக் கைகழுவியது. போனின் உறுப்புகளில் எதுவும் கெடாமலே அது பயனற்றதாகிறது என்றால் இப்படித்தான்.

இதற்கு மாற்றுத் தேடியவர்களின் கதை 2009இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டீவ் கொண்டிக், முதல் அண்ட்ரொய்ட் போனுக்காக ‘சயனோஜென்மோட்’ என்ற பதிப்பை எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில், கூகுளின் சொந்தச் செயலிகளை அதில் சேர்த்துக் கொடுக்கக் கூடாதென்று கூகுள் கடிதம் அனுப்பியது. இன்றும் கஸ்டம் ரோம் ஒரு கோப்பாகவும் பிளே ஸ்டோர் போன்ற கூகுள் செயலிகள் தனிக் கோப்பாகவும் வருவது அந்தக் கடிதத்தால்தான். 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் நின்றுபோனது. அதன் தன்னார்வலர்கள் உடனேயே ‘லினியேஜ் ஓ.எஸ்.’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் கையிலுள்ள போனுக்காக இரவில் உட்கார்ந்து எழுதும் ஆட்கள் அவர்கள். அவர்கள் எழுதியது தலவாக்கலையில் ஒரு பிள்ளையின் பழைய போனிலும் ஓடும் என்பது எனக்கு மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

எந்தப் போன்?

தொடக்கக்காரர் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஷவோமியின் ரெட்மி நோட் 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஓகஸ்டில் சீனாவில் வந்த ரெட்மி நோட் 4க்குள் மீடியாடெக் சிப். 2017 ஜனவரியில் இந்தியாவில் வந்ததற்குள் ஸ்னப்டிராகன் 625. பெயரும் பார்வையும் ஒன்றுபோலத்தான், ஆனால் உள்ளே இரண்டும் வெவ்வேறு போன்கள். முதலாவதன் குறிப்பெயர் ‘நிக்கல்’, இரண்டாவதன் குறிப்பெயர் ‘மிடோ’. மிடோவைக் கம்பனி அண்ட்ரொய்ட் 7இல் நிறுத்தியது. தன்னார்வலர்கள் அதை அண்ட்ரொய்ட் 10ஐயும் தாண்டிக் கொண்டுபோனார்கள். அந்தக் கோப்பை நிக்கலில் ஏற்றினால் போன் எழும்பாது. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பி வேலை தொடங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தில் மாதிரி இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குரிய குறிப்பெயரைக் கண்டுபிடியுங்கள். லினியேஜ் ஓ.எஸ். பட்டியலில் அந்தக் குறிப்பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது பூட்லோடர். பங்களா வாசலில் நிற்கும் காவல்காரரைப் போல, போனை எழுப்பியதும் முதலில் விழிப்பது அதுதான். கம்பனியின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாது. அந்தப் பூட்டைத் திறக்கக் கம்பனி சம்மதிக்க வேண்டும். ஹுவாவே 2018இல் திறப்புக் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. விவோ, ஒப்போ போன்களில் பெரும்பாலானவற்றில் வழியில்லை. ஷவோமியில் கணக்குத் திறந்து விண்ணப்பித்து, பெரும்பாலும் 7 நாள் காத்திருக்க வேண்டும்; ஹைப்பர் ஓ.எஸ். என்ற அதன் புதிய மென்பொருளோடு வந்த போன்களில் நிபந்தனைகள் இன்னும் கடுமை. சம்சுங் பழைய போன்களில் அனுமதி உண்டு, ஆனால் திறந்து வேறு மென்பொருளை ஏற்றியதும் நொக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி நிரந்தரமாக அணைந்துவிடும். 2025இல் வந்த வன் யு.ஐ. 8 என்ற சம்சுங் மென்பொருளில் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் போக வாங்கியவருக்கே அனுமதி மறுப்பதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

நம்மூர்களில் அதிகம் ஓடும் மலிவுப் போன்களில் பலவற்றுக்கு யாரும் ரோம் எழுதியதில்லை. அப்படிப்பட்ட போனுக்கு எங்கோ கிடக்கும் ஏதோ ஒரு கோப்பை ஏற்றிப் பார்க்க வேண்டாம். பூட்டைத் திறக்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. லெப்டொப்பில் ஏ.டி.பி. என்ற இலவசக் கருவியைப் போட்டு, கம்பனி திணித்து அனுப்பிய, அழிக்க முடியாத செயலிகளை நமது கணக்கிலிருந்து அகற்றலாம். 2 ஜிபி நினைவகம் உள்ள போனில் அதன் பலன் உடனே தெரியும். முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பிழைத்துப் போனாலும் ‘ஃபெக்டரி ரீசெட்’ அடித்தால் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும்.

வீட்டின் ஒரே போன்

இதை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரியாக எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் பாவனையில் இருக்கும் ஒரே போனில் கற்றுக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்து வீட்டில் அந்த ஒரு போனில்தான் எல்லாம். சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் அம்மாவின் குரலும், கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணன் காசு போட்டால் வரும் வங்கிச் செய்தியும், ஆசிரியை அனுப்பும் வினாத்தாளும் அதற்குத்தான் வருகின்றன. பூட்லோடரைத் திறக்கும்போது போனில் இருக்கும் எல்லாம் அழியும். இது பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டது, தவிர்க்க வழியில்லை. செத்துப்போன தாத்தாவின் ஒரே படம் அந்தப் போனில் இருக்கலாம். படங்களையும் வட்ஸ்அப் பேச்சுகளையும் தொடர்பு இலக்கங்களையும் வேறு இடத்தில் எடுத்துவைத்து, அங்கே அவை உண்மையிலேயே திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வங்கிச் செயலி இன்னொரு சிக்கல். பூட்டுத் திறந்த போனை கூகுளின் சோதனை ‘நம்பத்தகாதது’ என்று அடையாளமிடும். அதைப் பார்க்கும் வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். சிலவற்றைச் சுற்றுவழியில் ஏமாற்றலாம். ஆனால் சம்பளக் காசு இருக்கும் கணக்கை அப்படிப்பட்ட ஏமாற்றில் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரோம் போட்ட போன் படிப்புக்கும் பேச்சுக்கும் இருக்கட்டும். வங்கி வேறு போனில் இருக்கட்டும்.

ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் மூன்றாவது சிக்கல். *#06# அடித்தால் வரும் 15 இலக்கங்கள் அவை. சிறிய தனிப் பகுதி ஒன்றில் அது பதிந்திருக்கிறது. தெரியாமல் அந்தப் பகுதியை அழித்துவிட்டால் போனுக்கு சிம் ஏறாது. இலங்கையில் இது இரட்டைச் சிக்கல். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு போன்களை இந்த இலக்கத்தால்தான் அடையாளம் காண்கிறது. பதியப்படாத போன்கள் 2025 ஜனவரி இறுதியிலிருந்து புதிதாக வலையமைப்பில் இணைய முடியாதென்றும் அது அறிவித்தது. ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்கு அனுப்பினால் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். வேலைக்கு முன் அனுப்பிப் பாருங்கள். இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இலக்கம் தொலைந்த போனுக்கு வேறு போனின் இலக்கத்தை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வேலை நடக்கும் விதம்

ரோம் கோப்பு 1 ஜிபி அளவில் இருக்கும். கூகுள் செயலிக் கோப்பு சில நூறு எம்பி. டேட்டா கார்ட் போட்டு இறக்குவது செலவு. நெனசல நிலையமோ கல்லூரிக் கணினி அறையோ பக்கத்தில் இருந்தால் அங்கே இறக்கி பென் டிரைவில் கொண்டுவரலாம். இறக்கிய கோப்பு முழுமையானதா என்று ‘ஷா-256’ என்ற நீண்ட எண்ணெழுத்து வரிசையை ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். மழை நேரத்தில் சிக்னல் அறுந்து அறுந்து இறங்கிய கோப்புகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லெப்டொப்பில் நல்ல பெட்டரி இருந்தால் பயமில்லை. போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவு வயர் உதவாது. தொடக்கக்காரர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ‘போனைக் கணினி காணவில்லை’ என்ற பிரச்சினையில் பாதி, அந்த வயர்தான்.

அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டினால் ‘டெவலப்பர்’ பக்கம் திறக்கும். அங்கே ஓ.ஈ.எம். திறப்பையும் யு.எஸ்.பி. டிபக்கிங்கையும் இயக்க வேண்டும். போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் ஒன்றாக அமுக்கினால் பல போன்களில் ஃபாஸ்ட்பூட் திரை வரும். சம்சுங்கில் வழி வேறு. அங்கிருந்து பூட்டைத் திறந்து, ரிகவரி என்ற சிறு நிரலை ஏற்றி, அதன் வழியாகப் பழைய தரவை அழித்து, ரோமை அனுப்ப வேண்டும்.

லெப்டொப் திரையில் எண்ணிக்கை 47 வீதத்தில் நின்றுவிடலாம். நெஞ்சு பக்கென்றாகும். வயரைப் பிடுங்காதீர்கள். பல போன்களில் வேலை சரியாக முடிந்தாலும் கணினி 47இலேயே நிற்பது வழக்கம். போன் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு. பிறகு கூகுள் கோப்பை அனுப்பும்போது ‘கையொப்பம் பொருந்தவில்லை, பரவாயில்லையா?’ என்று ரிகவரி கேட்கும். அந்தக் கோப்பு லினியேஜ் ஆட்களுடையது அல்ல என்பதால் வரும் கேள்வி அது. சரியான இடத்தில் இறக்கியிருந்தால் ஆம் என்று சொல்லலாம். போனை முதன்முறை எழுப்புவதற்கு முன்பே இதைப் போட்டாக வேண்டும். எழுப்பிய பின் நினைவு வந்தால் தரவை அழித்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

முதல் எழும்புதலுக்கு 15 நிமிடம் வரை எடுக்கலாம். அதையும் தாண்டி அதே சின்னம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் போன் சாகவில்லை. ஃபாஸ்ட்பூட் திரை வரும்வரை போனில் உயிர் இருக்கிறது, திரும்பத் தொடங்கலாம். உண்மையில் போனைக் கொல்லும் தவறுகள் சில: வேறு மாதிரியின் கோப்பை ஏற்றுவது, கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது, ஷவோமியின் பின்வாங்கல் தடை உள்ள போனில் கம்பனியின் பழைய பதிப்புக்கு இறங்குவது.

எழும்பியதும் முதலில் ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். சில ரோம்களில் 4ஜி வழியான குரல் அழைப்பு வேலை செய்யாது. போன் கீழ்நிலை வலையமைப்புக்குத் தாவி அழைக்கும். அந்த வலையமைப்பு எட்டாத லயத்தில் போன் ஊமையாகிவிடும். கமராவையும் புளூடூத்தையும் பார்த்துவிட்டு மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். ஆங்கில மெனுவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய அம்மாமாருக்கு அது தனிச் சந்தோஷம்.

யாரோ சேர்த்துக் கட்டிய, எழுதியவர் பெயர் தெரியாத ரோமை இலவசம் என்பதற்காகப் போட வேண்டாம். ‘கம்பனி போட்டதே பாதுகாப்பு’ என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. சில மலிவு அண்ட்ரொய்ட் போன்கள் விற்பனைக்கு வரும்போதே ‘ட்ரையாடா’ என்ற தீநிரலைச் சுமந்திருந்ததை 2019 ஜூனில் கூகுளே உறுதிப்படுத்தியது. யார் எழுதினார்கள், மூலநிரல் வெளியில் இருக்கிறதா, கடைசித் திருத்தம் எந்த மாதம் என்ற மூன்று கேள்விகளும் எல்லா மென்பொருளுக்கும் பொது.

வாங்கும்போதே தெரிய வேண்டியது

இவ்வளவு பாடும் ஒரு பிள்ளையின் தலையில் விழக் காரணம், கம்பனிகளை இங்கே யாரும் கேட்காததுதான். ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன் மாதிரிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பது சட்டம். கூகுள் 2023இல் தன் பிக்சல் 8க்கு 7 வருடம் என்று வாக்குக் கொடுத்தது. முடியாத காரியமல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

நம் நாட்டில் போன் மாதிரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆணைக்குழு ஏற்கெனவே இருக்கிறது. அதே படிவத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: இந்த மாதிரிக்கு எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும்? அதன் பிறகு பூட்லோடரைத் திறக்க விடுவீர்களா? பதில் மூன்று மொழிகளிலும் பெட்டியின் மேல் அச்சாக வேண்டும். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் எழுப்ப வேண்டும், ஏனென்றால் 23 பேர் போட்டு வாங்கிய பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதும் சம்பளக் கணக்குத்தான். அது வரும்வரை, அடுத்த போன் வாங்கக் கடைக்குப் போகும்போது கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், “அண்ணே, இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து லினியேஜ் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள்.